அஞ்சுவோர் பரியியல்: வயது வந்தோர் குதிரையேற்ற விடுமுறையைத் தேர்தல் குறித்த ஒரு முன்னாய்வு

இத்துறையில் இதற்கு முன் எவரும் ஆராயவில்லை என்று தொடங்குவது ஆய்வேடுகளின் மரபு. ஏன் எவரும் ஆராயவில்லை என்று கேட்பது மரபன்று. ஆகவே கேட்காமல் உள்ளே போவோம். விடுப்பு எடுத்து, முன்பணம் கட்டி, குதிரைமேல் உட்கார்ந்து நடுங்குவதற்கென்றே வெளியூர் போகும் வயது வந்த மனிதர் எந்த ஊரை, எந்தக் குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதுவே ஆய்வுச் சிக்கல். ஆய்வுக் களம்: குதிரையின் முதுகு. ஆய்வு நெறி: எட்டி நின்று நோக்கல்.

'வயது வந்தோர்' என எல்லை வகுத்ததற்குக் காரணம் உண்டு. விழுந்தால் வலிக்கும் என்பது பிள்ளைகளுக்கு விழுந்த பிறகே தெரிகிறது. நாற்பதைக் கடந்தவருக்கோ அங்கவடியில் கால் வைக்கும்போதே எலும்பு மருத்துவர் கண்முன் தோன்றி, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறார் (பெரியப்பா, வாய்மொழி).

அச்சம் மூவகை: உயரத்தால் வருவது, வேகத்தால் வருவது, படிவத்தால் வருவது. முதல் இரண்டும் வெளிப்படை. மூன்றாவதை விளக்கியாக வேண்டும். குதிரையேற்ற விடுமுறை நடத்துவோர் முன்பதிவின்போதே எடையைக் கேட்பார்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் எல்லாம் சேர்த்து 90 கிலோ. இந்தக் கட்டத்தில் பலரும் கல்யாணத்துக்கு முந்தைய எடையை எழுதுகிறார்கள். அடுத்த கேள்வி இன்னும் கொடியது: உங்கள் அனுபவம் என்ன? அறவே இல்லை, தொடக்கநிலை, நடுநிலை, தேர்ந்தவர். நம் ஆண்கள், எம்.ஜி.ஆர். குதிரை ஓட்டியதைத் தரை டிக்கெட்டில் பார்த்த அனுபவத்தையும் கூட்டிக்கொண்டு 'நடுநிலை'யில் டிக் அடிக்கிறார்கள். அதற்கேற்ற குதிரை ஒதுக்கப்படுகிறது. அந்தக் குதிரை படிவத்தைப் படிப்பதில்லை. ஏறியவரைப் படிக்கிறது (மாமா, 'பொய் எழுதாதே' என்னும் அறிவுரை, இரண்டாம் காப்பி).

இனி முன்னோர் மொழிந்தவை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர் ஸெனோபன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூலே எழுதினார். குதிரை வாங்கும்போது முதலில் காலைப் பார் என்கிறார். குதிரையிடம் கோபத்தோடு போகாதே என்கிறார். நாம் கோபத்தோடு போவதில்லை, பின்பக்கமாகப் போகிறோம். அதுவும் தப்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. பயந்தவர் ஒளிந்துகொள்ள எப்போதும் தேர்வது அந்தப் பின்புறத்தைத்தான்.

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தபோது, அரபு நாடுகளிலிருந்து கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், பேணத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுப்பதையும் எழுதிவைத்தார். கப்பலில் வந்த வெளிநாட்டார் எழுதினால் அது சான்று. திண்ணையிலிருந்து பெரியப்பா சொன்னால் வம்பு. 'சங்க இலக்கியத்தில் குதிரை' என்று பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கொள்ளு வேகும் வாசனை தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டவர் மாமா (மேலது, மூன்றாம் காப்பி).

அஞ்சுவோருக்கு வேதமாக வேண்டிய நூல் திருவிளையாடற் புராணம். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே வணிகராக ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். மன்னன் பார்த்தான், மகிழ்ந்தான், கயிறு மாறியது. இரவில் அவை நரிகளாகி ஊளையிட்டு, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்தன. இதிலிருந்து சாதாரணப் புலவர்கள் பக்தியை எடுத்துக்கொள்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்வது: பகலில் சாதுவாக நின்ற குதிரையை இருட்டும்வரை நம்பக் கூடாது என்பதற்கு நம்மிடம் நூற்சான்று இருக்கிறது, கிரேக்கர்களிடம் இல்லை. அதைவிட முக்கியம், கயிறு மாறிய பின் வந்ததெல்லாம் வாங்கியவர் தலையில். கயிறு பற்றிப் பின்னர்.

நாடுவாரியான பகுப்பு வருமாறு.

ஐஸ்லாந்து. குதிரை சிறியது, ஆனால் அதை மட்டக்குதிரை என்று அந்த ஊரில் சொல்லிவிடாதீர்கள். 'டோல்ட்' என்றொரு நடை அதற்கு உண்டு. நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதால் மேலே இருப்பவருக்குக் குலுக்கல் இல்லை. கையில் கோப்பை நிறைய பீர் பிடித்துச் சிந்தாமல் போய்க்காட்டுகிறார்கள். நாட்டைவிட்டு ஒருமுறை வெளியேறிய குதிரையைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பயணிக்கு இந்தச் சலுகை இல்லை. திங்கட்கிழமை அவர் அலுவலகம் போயாக வேண்டும்.

பிரான்ஸின் காமார்க். வெள்ளைக் குதிரை, சதுப்பு நிலம். விழுந்தால் சேறு, அதாவது மெத்து.

ராஜஸ்தான். மார்வாரிக் குதிரையின் காதுகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று தொடும். படத்துக்கு அழகு. வேகமும் அதிகம்.

மங்கோலியா. வேண்டாம்.

உண்மையில் ஊரைவிட முக்கியமான ஒரு பகுப்பை விளம்பரத் தாள்கள் சிறிய எழுத்தில் போடுகின்றன. ஒரே இடத்தில் தங்கித் தினமும் போய்வருவது நிலைமுகாம். இன்று இங்கே, நாளை முப்பது கிலோமீட்டர் தள்ளி என்று போவது நகர்முகாம். நிலைமுகாமில் மறுநாள் இடுப்பு வலி என்று சொல்லி அறையில் படுத்துக்கொள்ளலாம். நகர்முகாமில் உங்கள் பெட்டியும் படுக்கையும் ஏற்கெனவே வண்டியேறிப் போயிருக்கும். அஞ்சுவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கடற்கரை உண்டா என்பதன்று. பெட்டி எங்கே இருக்கும் என்பதுதான்.

இனி, இவ்வாய்வின் இதயப் பகுதியான குடை.

2009இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கால்நடை மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதர்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டோ ஏறியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போக வேண்டும். நான்காம் முறைக்கு முன், குதிரை கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவில்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. குதிரையின் துடிப்பும் ஏறியது. குதிரையிடம் யாரும் குடையைப் பற்றிப் பேசவில்லை.

இது நடந்த சோதனை, நான் கட்டியதன்று. கட்டியிருந்தால் குடையை விரித்திருப்பேன். மனிதரின் நாடியைப் பிடித்தார்கள், குதிரையின் நாடியைப் பிடித்தார்கள். குடையின் நிலையை யார் கேட்டார்? விரிவதாக அறிவிக்கப்பட்டு விரியாத குடை, குடையா அன்றா? இதில் எம் குடும்பத்தில் இரு மரபுகள் உள்ளன. விரியாத குடை கைத்தடியே என்பது மாமாவின் கொள்கை. மழை வரும் என்று எடுத்துப்போனாலே குடை தன் வேலையைச் செய்துவிட்டது என்பது சித்தியின் கொள்கை (சித்தி, 'குடையும் குதிரையும்: ஒரு மறுப்பு', மொட்டை மாடி வெளியீடு, வடகம் காயப்போட்ட நாள், திருத்திய பதிப்பு, இதற்கு மாமாவின் மறுப்புக்கு மறுப்பு, அதே மாடி, படிக்கட்டுப் பக்கம், கரண்ட் போன பிறகு, ஆதலால் வரி எண் தெரியவில்லை, இரண்டையும் ஒப்புநோக்கிப் பாட்டி அருளிய 'எல்லாரும் சாப்பிட வாங்க' என்னும் சமரச உரை, இதில் குடை பற்றி ஒன்றுமில்லை எனினும் ஆராய்ச்சியாளர் தவறவிடலாகாது).

குடையை மடக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. பயந்தவர் முன்னால் குனிகிறார், முழங்காலை இறுக்குகிறார், கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறார். காலை இறுக்கினால் 'போ' என்று குதிரைக்குப் பழக்கியிருக்கிறார்கள். கடிவாளத்தை இழுத்தால் 'நில்'. ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவும் வந்தால், அரசு ஊழியராக இருந்தால் கோப்பைக் கிடப்பில் போடலாம்; குதிரையால் முடியாது. அதனால்தான் சில பயிற்றுநர்கள் பயப்படுகிறவரைப் பாடச் சொல்கிறார்கள். பாடினால் மூச்சு வெளியே போகும், உடம்பு தளரும். எந்த ராகம் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கும் ஒருவர் பதிவு செய்திருப்பார்.

ஆக, அச்சம் கயிற்றின் வழியே இறங்குகிறது. அப்படியானால் தேர்ந்தெடுக்க வேண்டியது நாட்டையுமன்று, குதிரையின் நிறத்தையுமன்று, கயிற்றின் மறுமுனையை. இங்கேதான் கொடைக்கானல் உலக அரங்கில் இடம்பெறுகிறது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்சு 1863இல் அமைத்த ஏரி. சுற்றளவு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அதன் கரையில் வாடகைக் குதிரைகள் நிற்கும். குதிரைக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கூடவே நடப்பார், செல்போனில் மருமகனோடு பேசிக்கொண்டே. மேலே இருப்பவர் "அண்ணே, மெதுவா... அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "ஒண்ணும் ஆகாது சார், அதுக்கே தெரியும்" என்று பதில் வரும். சீசனில் அதே பாதையில் பஸ் ஹாரன், மக்காச்சோள வண்டி, எல்லாவற்றுக்கும் மேலாக நிஜமாகவே விரிகிற குடைகள். குதிரை திரும்பிக்கூடப் பார்க்காது. ஸ்வீடன்காரர்கள் இங்கே வந்திருந்தால் கட்டுரைக்கு ஒன்றும் தேறியிருக்காது. விளம்பரங்களில் பிடரி பறக்க அலைமீது ஓடுகிற குதிரையைவிட, இந்த அலுத்துப்போன நடுவயதுக் குதிரையே நம்மவருக்கு ஏற்றது என்பது எம் துணிபு. அயல்நாடு போகிறவரும், முதல் நாள் கயிறு யார் கையில் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம். கயிறு மாறக் கூடாது. மாறினால் என்ன ஆகும் என்பது பாண்டியனுக்குத் தெரியும்.

ஆய்வில் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். ஏறுவது பற்றி நூல்கள் ஏராளம். கிரேக்கருக்கு அங்கவடி கிடையாது. பிடரியைப் பிடித்து எப்படித் தாவுவது என்று ஸெனோபன் விரிவாகவே எழுதியிருக்கிறார். இறங்குவது பற்றி நம்மவருக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டு வரி: முதலில் இரு கால்களையும் அங்கவடியிலிருந்து விடுவி, பிறகு வலக்காலைப் பின்னால் சுற்றிப் போட்டு இடப்பக்கம் சறுக்கு. முதல் வரிவரை பலரும் வந்துவிடுகிறார்கள். இரண்டாம் வரிக்கு விரிவான உரை தேவை. அதை எழுதத் தகுதியுள்ளவர்கள் ஏரிக்கரையில் இன்னும் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். குதிரைக்காரர் இரண்டாவது ரவுண்டுக்குக் காசு கேட்கிறார்.