ரெண்டு ஓஎஸ் எதுக்குண்ணா?

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும் எங்கள் தெருவில் எனக்கொரு வேலை வந்து சேர்ந்தது. அவற்றில் விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். இரண்டாவதைக் கண்டாலே பிள்ளைகளுக்கு ஆகாது. "அண்ணா, பாஸைத் தூக்கிடுங்க. படம் வெக்க எடம் பத்தல."

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் அடிப்பவன் அவசரக்காரன். டிஸ்கின் முதல் 512 பைட்டில், அதிலும் நிரலுக்கென்று விட்ட 446 பைட்டுக்குள், எந்த ஓஎஸ் என்று கேட்டு எழுப்பிவிடும் கிரப் குந்தியிருக்கும். அதன் மிச்ச உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனில். அதை அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், கூப்பிடத்தான் ஆளில்லை. முதலில் விண்டோஸ் டிவிடியைப் போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை, பிறகுதான் பார்ட்டிஷனில் கை. இந்த வரிசை தெரிந்த ஒரே காரணத்துக்காக எனக்குக் காபியும் முறுக்கும் வந்தன. சில அம்மாக்கள் என்னை இன்ஜினீயர் என்றே நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

இன்றைய யுஇஎஃப்ஐ கணினியில் அந்தப் பதற்றம் இல்லை. பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றிவிட்டுப் பார்ட்டிஷனை அழிக்கலாம். ஊரைக் காலி செய்தவர் பெயர் ரேஷன் கார்டில் கிடப்பதுபோல, உபுண்டு லினக்ஸின் பெயர் மட்டும் பூட் மெனுவில் கிடக்கும். இதற்கு யார் முறுக்கு தருவார்கள்?

2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். 2016-இல் அதே நிறுவனம் டபிள்யூஎஸ்எல் என்ற பெயரில் விண்டோஸுக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்தது. பாஸை விரட்டச் சொன்ன பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்லர். 'லினக்ஸ் தெரியும்' என்று பயோடேட்டாவில் எழுதித்தான் ஐ.டி. வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். சி டிரைவ் நிறைந்துவிட்டதாம். டபிள்யூஎஸ்எல்லில் 'அன்ரெஜிஸ்டர்' என்று ஒரு வரி அடித்திருக்கிறான். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் உபுண்டு மொத்தமும் போய்விட்டது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

"உள்ள ஆபீஸ் கோடு இருந்துச்சுண்ணா."

"கிட்டுல ஏத்தியிருப்பியேடா?"

"இடம் பண்ணிட்டு ஏத்தலாம்னு இருந்தேன்ணா."