பட்டு ரவிக்கையின் உள்ளே விடப்படும் ஒன்றரை அங்குலம் குறித்து

பட்டுப் புடவையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஜரிகையில் எத்தனை வெள்ளி, முந்தானையில் எத்தனை அன்னம் என்றெல்லாம் எண்ணி முடித்துவிட்டார்கள். அந்தப் புடவைக்குத் தைத்த ரவிக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்தான் யாருமில்லை. திருப்பினால், இரண்டு பக்கமும் தையலுக்கு அப்பால் ஒரு துணிப்பட்டை சும்மா தொங்குவது தெரியும். ‘உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைச்சிடுங்க’ என்று அம்மா சொல்வாளே, அதுதான். இதற்குத் தமிழில் கலைச்சொல் இல்லாத குறையைப் போக்க, இக்கட்டுரை இதை ‘உள்விடு’ என்று அழைக்கிறது. பெயர் வைத்தாயிற்று, பாதி ஆய்வு முடிந்தது.

ஆய்வுக்களம் வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே வந்தால் ஏரியும் ஆட்சியர் அலுவலகமும் உள்ள ஊர். 1989 இல் வட ஆர்க்காட்டைப் பிரித்து இங்கே தனி மாவட்டம் கண்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தைத் தொடர்ந்து வீடுகள் வந்தன, வீடுகளைத் தொடர்ந்து கல்யாணங்கள், கல்யாணங்களைத் தொடர்ந்து தையல் மெஷின்கள். முன்னறையில் ஒரு மெஷின், ஜன்னல் கம்பியில் நூல்கண்டு, வாசலில் ‘லேடீஸ் டெய்லர், ஃபால்ஸ், பிகோ’ என்று ஒரு தகரப் பலகை: இந்த ஊரின் சிறுதொழில் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது.

ரவிக்கையின் பொது வரலாற்றுக்குள் நாம் போகவில்லை. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல்லாண்டு போராடி 1859 இல்தான் அரசாணை பெற்றார்கள். அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. ஆகவே தலை வணங்கி, நேரே நம் பீரோவுக்கு வருவோம்.

மாதிரித் தொகுதி, எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டு. முன் அனுமதி பெறப்படவில்லை. வீட்டம்மா சந்தைக்குப் போயிருந்தார். முதன்மைச் சான்று அவருடைய கல்யாண ரவிக்கை, அரக்குச் சிவப்பு. கீழடியில் குழிக்குள் இறங்கியவர்கள் மண்ணடுக்கைப் படித்ததுபோல் அதன் பக்கத்தையலைப் படித்தோம். ஊசித் துளைகள் நான்கு வரிசை. முதல் வரிசை கல்யாணம். அரை அங்குலம் வெளியே தள்ளி, மகளுக்குப் பெயர் வைத்த நாள். மேலும் அரை அங்குலம் தள்ளி, மைத்துனர் மகனின் காதுகுத்து. நான்காவது வரிசை யாரும் எதிர்பாராத வகையில் உள்நோக்கித் திரும்பியிருந்தது. நெடுநேரம் குழம்பிய பிறகே விளங்கியது: பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போன காலம் அது. கிரிவலத்தின் பலனுக்கு இப்படி ஒரு தையல் ஆதாரம் இதற்கு முன் பதிவானதாகத் தெரியவில்லை.

இன்னொரு சான்று நிறம். வெளியே தெரிந்த பட்டு வேர்வையிலும் வெளிச்சத்திலும் வெளுத்துவிட்டது. தையல் பிரித்து வெளியே வந்த பட்டை மட்டும் தறியிலிருந்து இறங்கிய அன்றைய சிவப்பில் நிற்கிறது. கையைத் தூக்கினால் தெரியும். அதனால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் குழுப்படத்தில் கையைத் தூக்குவதில்லை.

இத்தனைக்கும் உள்விடு தாராளமாகக் கிடைக்கும் பொருள் அல்ல. புடவை ஐந்தரை மீட்டர். அதோடு சேர்த்து நெய்து வரும் ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டர் அளவில் இருக்கும். முழங்கை வரை கை, முதுகில் ஜன்னல், ஜன்னலில் குஞ்சம் என்று கேட்டால், உள்ளே விட எங்கிருந்து வரும்? கத்திரி பிடித்தவர் அரைக்கால் அங்குலத்துக்குப் போராட வேண்டியிருக்கிறது. ஒரு பட்டுக்கூட்டில் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நூல். அதற்காக ஒரு புழு வெந்நீரில் உயிரை விட்டிருக்கிறது. அப்படி வந்த துணியை இரண்டு விசேஷத்துக்கு உடுத்திவிட்டு ‘பத்தல’ என்று மூட்டை கட்டினால் புழு என்ன நினைக்கும் என்ற கோணத்தில் ஆய்வுகள் தேவை.

புடவை எங்கே நெய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரணியில். வாங்கியதோ சென்னையில். ஆரணி எங்கள் மாவட்டத்திலேயே, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. போளூர் வழியாக அங்கே போகும் பஸ் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றிலும் தறிச்சத்தம் உண்டு. இருந்தும் அந்தப் புடவை சென்னைக்குப் போய், ஏசி காற்று வாங்கி, இலவசப் பையோடு எங்கள் காரில் ஆரணிப் பக்கமாகவே திரும்பி வந்தது. அந்தப் பயணச் செலவு முழுவதையும் விலையில் சேர்த்து நாமே கொடுத்தோம் என்பது பின்னால்தான் உறைத்தது.

இனி மறுதரப்பு. அண்மையில் ஒரு வரவேற்புக்காக எங்கள் மகள் ரெடிமேட் ரவிக்கை ஒன்றை ஃபோனில் வரவழைத்தாள். பளபளப்புக்குக் குறைவில்லை. திருப்பிப் பார்த்தோம். தையலை ஒட்டியே ஓவர்லாக். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஆயிரம் ரவிக்கைக்கு அங்குலம் அங்குலமாக மிச்சம் பிடித்தால் அதில் இன்னும் சில தைத்துவிடலாம் என்பது ஆலைக் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைத் தைத்தவர் நம்மை இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. எங்கள் தெருத் தையல்கார அக்காவோ எங்களைத் தினமும் பால்கடையில் பார்க்கிறார். நாம் பருப்போம், இளைப்போம், இன்னொரு கல்யாணத்துக்குப் போவோம், திரும்ப வருவோம் என்று அவருக்குத் தெரியும். உள்விடு என்பது அந்த நம்பிக்கையின் அகலம்.

அவர் டேப் எடுப்பது அபூர்வம். ‘அளவு ஜாக்கெட்’ ஒன்றைக் கேட்டு வாங்குவார். பிறகு ஆளை ஒருமுறை பார்ப்பார். “போன தடவைக்கு ஒரு சுத்து கூடிட்டீங்க” என்று சொல்லவே மாட்டார். “உள்ள ரெண்டு தையல் விட்டிருக்கேங்க்கா” என்பார். இவ்வளவு நாகரிகமாக உண்மை பேசும் துறை வேறில்லை.

கோட்பாட்டளவில் உள்விடு நூறு சதவீதம் உள்ள ரவிக்கையும் உண்டு. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறோமே, அந்தத் துணி. அதை யாரும் தைப்பதில்லை என்பதால் முழுத் துணியும் உள்விடுதான். எங்கள் வீட்டிலிருந்து நவராத்திரிக்குப் போன கிளிப்பச்சைத் துணி ஒன்று போளூர், செங்கம் எல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் வருடம் எங்களிடமே வந்து சேர்ந்தது. மடிப்புகூடக் கலையவில்லை. மறுசுழற்சி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு இந்தத் துணியை வைத்துக் கொடுக்கலாம்.

ஒரே விழாவுக்காகத் துணியைச் செலவழிக்கும் உரிமை எங்கள் ஊரில் மலைக்கு மட்டும்தான் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாக 2668 அடி ஏறிப்போய் எரிகிறது. அண்ணாமலையார் அளவு மாறாதவர். அவருக்கு உள்விடு தேவையில்லை. நமக்குத் தேவை.

இவ்விடத்தில் ஆய்வு தடைப்பட்டது. “என் பீரோவுல உங்களுக்கு என்ன வேலை?” என்று சந்தைப் பையோடு வீட்டம்மா வாசலில் நின்றார். ரவிக்கையை மடித்த விதம் தவறு என்றும், ஜரிகையில் அந்துருண்டை படக்கூடாது என்றும், பட்டை வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும் என்றும் மூன்று திருத்தங்கள் சொன்னார். மூன்றும் ஏற்கப்பட்டன.

வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு: தீபத்துக்குத் தைக்க வேண்டியவர்கள் ஐப்பசி பிறந்த வாரத்திலேயே துணியைக் கொடுத்துவிடவும். அளவு ஜாக்கெட் அவசியம். தீபாவளி நெருங்கிவிட்டால் புதுத் துணி வாங்குவதில்லை, தையல் பிரித்துவிட மட்டும் எந்த நாளும் வரலாம் என்று அக்கா எழுதச் சொன்னார்.