உக்கிராணத்தில் போர்ட் ஒயின்

கே: மகன் லிஸ்பனிலிருந்து இரண்டு போர்ட் ஒயின் பாட்டில் கொண்டுவந்திருக்கிறான். பூர்வீக வீட்டு உக்கிராண அறையில் வைக்கலாமா?
(வாசகர், கானாடுகாத்தான்)

ப: இரண்டோடு நிறுத்திய பிள்ளை விவரமான பிள்ளை. 2 லிட்டரைத் தாண்டினால் விமான நிலையத்திலேயே சுங்கவரி தீட்டியிருப்பார்கள். உக்கிராணம் நல்ல இடம்தான். இருட்டு; தடித்த சுண்ணாம்புச் சுவர்; பகல் சூடு சட்டென்று உள்ளே வராது. சூடும் குளிரும் மாறி மாறி வருவதுதான் ஒயினுக்கு ஆகாது. சூட்டில் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். குளிர்ந்ததும் சுருங்கிக் காற்றை இழுக்கும். ஆனால் போர்ட் கேட்பது 12 முதல் 15 டிகிரி. சித்திரையில் நம் உக்கிராணம் அதைப்போல் இருமடங்கு. ஆகவே பங்குனிக்குள் ஒரு விசேஷம் வைத்துவிடுங்கள். முகப்பில் மட்டும் காட்சிக்கு வைக்க வேண்டாம். வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெயில் பார்க்க அழகு, பாட்டிலுக்கு விஷம்.

கே: பாட்டிலைப் படுக்க வை என்கிறார் அப்பச்சி. நிறுத்தி வை என்கிறார் மாமனார். நான் யார் பக்கம்?
(ஓர் ஆச்சி, தேவகோட்டை)

ப: மூடியின் பக்கம். தலையில் பிளாஸ்டிக் தொப்பி வைத்த குட்டைக் கார்க் என்றால் மாமனார் ஜெயித்தார். டானி, ரூபி, ஷெர்ரி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். வாங்கிய அன்றே குடிக்கத் தயார். நீளக் கார்க் போட்ட 'விண்டேஜ் போர்ட்' என்றால் அப்பச்சி. அது பல்லாண்டு படுத்தே கிடக்கும். கார்க் நனைந்திருந்தால்தான் காயாது. பழைய பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் தீற்றியிருப்பார்கள். அந்தப் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். வண்டல் ஒரே பக்கம் படியட்டும் என்றுதான். திறப்பதற்கு முதல் நாள் நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கிவிடும்.

கே: முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் முத்திரை உடையாத பழைய ஒயின் பாட்டில் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

ப: வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தாலோ, கார்க் துருத்தியிருந்தாலோ, முத்திரையடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ அது நல்ல பூச்சாடி. பூச்சாடி விலை கொடுங்கள்.

கே: நம் ஊர் வெயிலைத் தாங்கும் ஒயினே கிடையாதா?
(வாசகர், பள்ளத்தூர்)

ப: உண்டு, மதீரா. அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுக்கீசியத் தீவின் சரக்கு. அந்தக் காலத்தில் பீப்பாய்களில் ஏறி வெப்பக் கடல்களைக் கடந்து இந்தியா வரை போய்த் திரும்பியது, புறப்பட்டதைவிட ருசியாக இருந்ததாம். கப்பல் கூலி மிச்சம் என்று பிறகு ஊரிலேயே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் ஒரு ரகத்தை 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதமாவது வைக்கிறார்கள். அதற்கு நம் கத்திரி வெயில் எம்மாத்திரம்? பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னைக் கோட்டை வெள்ளைக்காரர்கள் இதைத்தான் விரும்பிக் குடித்தார்கள், விவரமானவர்கள். நிறுத்தியே வையுங்கள். திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது. போர்ட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் டானி ஒரு மாதம், ரூபி இரண்டு வாரம், விண்டேஜ் இரண்டு மூன்று நாள்.

கே: தினம் ஒரு அவுன்ஸ் போர்ட் குடித்தால் ரத்தம் ஊறும் என்கிறாரே எங்கள் ஐயா?
(வாசகி, கோட்டையூர்)

ப: நிறம் பார்த்துச் சொல்கிறார். அதில் சுமார் 20 சதவீதம் ஆல்கஹால், மிச்சத்தில் நிறையச் சர்க்கரை. ரத்தத்துக்கு முருங்கைக்கீரை கொடுங்கள். பாட்டிலில் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள், அவுன்ஸ் கணக்கைச் சரிபார்க்கலாம்.