கெடுக்க ஒரு டெண்டர், சீர்செய்ய ஒரு டெண்டர்

தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டிய மாநகராட்சி. 70 வார்டு, ஒரு மேயர், ஒரு கமிஷனர். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை எல்லாம் ஒரே குடையின் கீழ். மழை பெய்யும்போதுதான் தெரிகிறது, குடையில் துணியே இல்லை.

ஊரின் அந்தஸ்து உயர்ந்தது. அடுத்த ஏப்ரலில் சொத்துவரியும் உயர்ந்தது. மாநிலம் முழுக்க 25 முதல் 150 சதவீதம் வரை. வரியில் நாம் அன்றே மாநகரம். சாக்கடையில் இன்னும் பேரூராட்சி. பல தெருக்களில் தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குப் போன் போட வேண்டும். லாரி வரும், உறிஞ்சும், போகும். எங்கே போகும் என்று கேட்காதீர்கள். ராத்திரி ஏரிப் பக்கம் ஏன் நாறுகிறது என்றும் கேட்காதீர்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கில் மூன்று பேர் செத்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். தண்ணீர் மாதிரியை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள் அதிகாரிகள். அதற்கு முன்பே அந்தத் தண்ணீரை ஆய்வு செய்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். வாயால் செய்தார்கள்.

இந்தப் பக்கத்து நிலத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாக நீர் வழியும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் இறங்கும். ஒக்கியம் மடுவைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளத்தில் கடலைச் சேரும். இதைச் செய்தவர்கள் உலக வங்கியில் கடன் வாங்கவில்லை. ஆலோசகர் வைக்கவில்லை. விழா எடுக்கவில்லை.

பிறகு நாம் வளர்ந்தோம். பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக அறுத்துக்கொண்டு துரைப்பாக்கத்துக்கு ரேடியல் ரோடு போனது. அதே ரோடு சதுப்புநிலத்தையும் அறுத்தது. மிச்சத்தில் பெருங்குடிக் குப்பை வந்து மலையாக உட்கார்ந்தது. கடலை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கும் காற்றாலையை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கும் மனை கிடைத்தது இந்தச் சதுப்பில்தான். அரசாங்கமே இறங்கிய இடத்தில் பில்டர் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பாரா? அடுக்குமாடிக்கு ‘லேக் வியூ’ என்று பேர் வைத்தார். வருடத்தில் பதினொரு மாதம் அது பொய். டிசம்பரில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுகிறார்.

அறுத்து, கொட்டி, கட்டி முடித்த பிறகு மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேரை 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தார்கள். பெருமைதான். அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று சொல்ல, 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் வர வேண்டியிருந்தது. ஊரையே திட்டமிடுவதற்காக இருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கு அதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. இதற்கிடையில், 2022-லேயே அந்த சி.எம்.டி.ஏ.வின் அதிகார எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்துக் கொடுத்தாயிற்று. சின்ன வகுப்பில் ஃபெயிலானவனுக்குப் பெரிய வகுப்பு.

இப்போது பருவம் மாறிவிட்டது. இது ‘புத்துயிர்’ பருவம். ஏரி சீரமைப்பு, நீடித்த வளர்ச்சி, பசுமை நகரம். 2019 கோடையில் சிட்லபாக்கத்து ஜனங்கள் தாங்களே மண்வெட்டியோடு ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அரசுக்கு ஏரி கண்ணில் பட்டது. 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. எண்பது ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி அதற்குள் பாதியாகியிருந்தது. காணாமல் போன பாதியில் ரோடும் வீடும் இருக்கின்றன. அதற்குப் புத்துயிர் கிடையாது, அதற்குப் பட்டா.

சீரமைத்த ஏரி என்று இங்கே எதைச் சொன்னாலும் போய்ப் பாருங்கள். கரையில் பேவர் பிளாக் நடைபாதை. இரும்புக் கம்பி வேலி. கையைக் காலை ஆட்ட மஞ்சள் பச்சைப் பெயின்ட் அடித்த உடற்பயிற்சிக் கருவி. கறுப்பு கிரானைட்டில் ஒரு கல்வெட்டு. மேலே பெரிய பேர்கள், கீழே சின்னப் பேர்கள். கல்வெட்டுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஒரு குழாய் இருக்கும். நுரையோடு சாம்பல் நிறத் தண்ணீர் ஏரிக்குள் விழுந்துகொண்டிருக்கும். அதன் மேல் மட்டும் யார் பேரும் இருக்காது.

மழைநீர் வடிகாலும் அப்படித்தான். 2015 டிசம்பர் 1 காலைக்கும் 2 காலைக்கும் இடையில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரத்தில் படகு ஓடியது. சரி, யாரும் எதிர்பாராத மழை. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே தெருக்களில் அதே தண்ணீர். எட்டு வருடம் எதிர்பார்த்துக் கொண்டிருந்த மழையும் எதிர்பாராத மழைதானா? நடுவில் வடிகால் கட்டாமல் இல்லை. கட்டினார்கள். பல இடங்களில் அதன் வாய் தெருவைவிட அரை அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறிப் போக வேண்டும். ஏறாவிட்டால் அது தண்ணீரின் குற்றம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் குடியிருந்த ஏழைகளிடம் சொன்னார்கள்: ஆற்றங்கரை ஆபத்து, உயிருக்கு உத்தரவாதமில்லை. லாரியில் ஏற்றி எங்கே இறக்கினார்கள்? பெரும்பாக்கத்தில். சதுப்பின் விளிம்பில், எட்டு மாடியில், மழைக்கு மழை தண்ணீர் சூழும் இடத்தில். வேலை ஒரு மூலை, பள்ளிக்கூடம் ஒரு மூலை. ஆறு புத்துயிர் பெறட்டும், நல்லது. அதற்கு உயிரை விட்டுக் கொடுக்க வேண்டியவன் மட்டும் எப்போதும் குடிசைக்காரன். அதே ஆற்றை ஒட்டி நிற்கும் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் லாரி வரவில்லை.

வசதி ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார்கள். 88 ஏக்கரில், 394 கோடியில், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். திறந்த அன்று அதில் ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. திருச்சியிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கியவர், இரண்டு பையும் தூங்கும் பிள்ளையுமாக நின்று, எதிரே நிற்காமல் போகும் மின்சார ரயிலைப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டார். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டது வெள்ளைக்காரன், 1931-ல். வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையை நாம் 2008-ல் தொடங்கினோம். பதினைந்து வருடம் போதவில்லை.

பணம் இல்லாமல் இல்லை. வல்லுநர் இல்லாமல் இல்லை. வரைபடமும் இருக்கிறது. ஏரியைக் கெடுக்க ஒரு டெண்டர், கெட்ட ஏரியைச் சீர்செய்ய ஒரு டெண்டர், சீர்செய்ததைத் திறக்க ஒரு விழா. மூன்றிலும் யாருக்கும் நஷ்டமில்லை, நம்மைத் தவிர.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவது 2046 வரை. அதில் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு ஏரியும், கலங்கலும், கால்வாயும் சர்வே நம்பரோடு இருக்கட்டும்; அதன் மேல் அனுமதிக் கையெழுத்துப் போடும் அதிகாரியின் பேரும் கறுப்பு கிரானைட்டில் இருக்கட்டும். திறந்து வைத்தவர் பேருக்கு இடம் இருக்கும்போது மூடி வைத்தவர் பேருக்கும் இடம் இருக்க வேண்டும்.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சொத்துவரி ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பரண்மேல் வையுங்கள். கீழ்த்தட்டில் வேண்டாம்.