அன்னப் படகு இல்லாத ஏரிகள்

ஏதாவது ஓர் ஏரிக்குப் போய் வரலாம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அங்கே போட்டிங் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இருந்தால் அது சுற்றுலாத் தலம். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர், அதைப் பார்த்துக்கொள்ள நீர்வளத் துறை இருக்கிறது. இந்த மனப்பழக்கத்துக்கு யார் காரணம் என்று தேடிக்கொண்டு போனால் மலையேற வேண்டியிருக்கிறது. ஊட்டி ஏரியை 1820-களில் ஜான் சல்லிவன் உண்டாக்கினார். கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவானது. சொந்த ஊர் நினைப்பில் வாடிய மனிதர்கள், கிடைத்த பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி ஆறுதல் அடைந்தார்கள். அதில் தப்பில்லை. நாம்தான் அதையே ஏரிக்கு இலக்கணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். சுற்றிவர ஒரு சாலை, சாலையில் வாடகை சைக்கிள், ஓரத்தில் மிளகாய் பஜ்ஜி, நடுவில் அன்னப்பறவை வடிவில் ஒரு மிதி படகு. அன்னம் நம் ஏரிகளுக்கு வருகிற பறவையே இல்லை என்பது அந்தப் படகை மிதித்து மூச்சு வாங்குகிற யாருக்கும் உறுத்துவதில்லை. சென்னைக்காரர்களின் ஏரி உறவு இன்னும் சுருக்கமானது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, செம்பரம்பாக்கத்தின் முழு நீர்மட்டம் 24 அடி என்பது குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கூகுள் மேப்பைத் திறக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. அதில் படகுக் குழாம் உள்ளவற்றைக் கழித்தால் கிட்டத்தட்ட 39,000 மிஞ்சும். காலாற நடக்கவும் காற்று வாங்கவும் உகந்தவை அந்த மிச்சமே என்பது என் கட்சி. அவை பாசனம் என்ற ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடப்பவனைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்காததாலேயே அங்கே நடை நன்றாக அமைகிறது. கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் கனத்தைத் தாங்க வேண்டும் என்பதால் அது உயரமாக இருக்கிறது. உடைப்பு எடுத்தால் வண்டியில் மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்பதால் மேலே சமதளமாகவும் அகலமாகவும் இருக்கிறது. மண் அரிக்கக் கூடாது என்பதால் பனை நிற்கிறது. இவ்வளவும் வேறு காரணங்களுக்காகச் செய்தவை. விளைவு என்னவென்றால், இடது கைப்பக்கம் தண்ணீர், வலது கைப்பக்கம் பத்தடி கீழே ஆயக்கட்டு வயல், நடுவே நாம். எந்த வடிவமைப்பாளரும் இப்படி ஒரு நடைபாதையை வரைந்து டெண்டர் வாங்கிவிட முடியாது.

இதை முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரியின் கரை பதினாலு கிலோமீட்டருக்குக் குறையாத நீளம். 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது அந்தக் கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவனை அதன் மேல் குதிரையில் வரவிட்டார் கல்கி. கதாநாயகனுக்கு ஒரே நேரத்தில் தண்ணீரும் ஜனங்களும் நாட்டு நடப்பும் கண்ணில் பட வேண்டுமானால் அவனை நிறுத்த அதைவிட வசதியான மேடை கிடையாது. வந்தியத்தேவனையும் மிஞ்சிய கரைவாசி மதுராந்தகத்தில் இருக்கிறார். 1790-களில், பெருமழையில் ஏரி உடையப்போகிறது என்று கலெக்டர் லயனல் பிளேஸ் கவலையோடு போய்ப் பார்த்தபோது, வில்லும் கையுமாக ராமரும் லட்சுமணரும் கரையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவ்வூர்க் கதை. கோயில் மூலவருக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். இரவு நேரத்தில், மழையில், கரை மேல் நடந்தவர்களில் ஒருவர் கடவுள், இன்னொருவர் கலெக்டர். நடைப்பயிற்சிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு தேவையில்லை.

"சுற்றிவர முடியாதே" என்பார்கள். உண்மைதான். கொடைக்கானலில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் கிளம்பிய பஜ்ஜிக் கடைக்கே வந்து சேரலாம். சமவெளி ஏரிக்குக் கரை பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறையாக வளைந்து நிற்கும். எதிர்ப்பக்கம் கரை என்று ஒன்று இல்லை. நவம்பரில் தண்ணீரின் விளிம்பு தொலைவில் எங்கோ இருக்கும். பங்குனி வெயிலில் அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே போன வழியே திரும்ப வேண்டும். ஆனால், வட்டமாக நடப்பவனுக்குப் போய்ச் சேர இடமே கிடையாது, கரையில் நடப்பவனுக்கு உண்டு. அவன் மதகிலிருந்து கலிங்குக்குப் போகிறான்.

கலிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் கல்கட்டு அது. பழைய கலிங்குகளின் மேல்விளிம்பு நெடுக, முழங்கால் உயரத்துக்கோ அதற்கு மேலோ, கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். நகரத்துக்காரர் அதை உடைந்த வேலி என்று நினைத்து அதன் மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார். மழைக்காலம் முடிகிற தறுவாயில், இனி பெரிய வெள்ளம் வராது என்று பட்டால், அந்தக் கற்களுக்கு இடையில் புல்கட்டியும் களிமண்ணும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். அவசரப்பட்டு அடைத்தால் கரைக்கு ஆபத்து. அடைக்காமல் விட்டால் தண்ணீர் கீழூருக்குப் போய்விடும். போகட்டும் என்பது கீழூரின் கருத்து. புதுக்கோட்டைப் பக்கம் போனால் இன்னொன்று கிடைக்கும்: ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண்களோடு நிற்கும் குமிழித் தூம்பு. மேலே உள்ள துளையில் தண்ணீர் இறங்கும், அடியில் உள்ள துளைகள் வழியே சேறு வெளியேறும். முன்னதை நீரோடி என்றும் பின்னதைச் சேறோடி என்றும் சொல்கிறார்கள். திறக்க வேண்டுமானால் ஓர் ஆள் தண்ணீரில் நீந்திப் போக வேண்டும். அன்னப் படகு அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. எப்படி இயங்குகிறது என்று யோசிக்க வைக்கும் கல் அவ்வளவு சீக்கிரம் அலுக்காது.

பறவைகளும் வேலை இருக்கிற இடத்துக்குத்தான் வருகின்றன. வேடந்தாங்கல் ஊரார் நத்தைகுத்தி நாரையையும் நீர்க்காகத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தது அழகுணர்ச்சியால் மட்டுமல்ல; எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தபோது ஊரார் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். கொடுத்தவர் மதுராந்தகத்தில் ராமரைப் பார்த்த அதே பிளேஸ்தான். ஏரிகள் அந்த மனிதரை நிம்மதியாக விடவில்லை.

அடுத்து, தூய்மையைப் பற்றி முகம் சுளிப்பவர்களுக்கு வருகிறேன். விடிகாலைக் கரைக்கு வேறு சில உபயோகங்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஏழு மணிக்குப் பிறகு போங்கள், கீழே பார்த்து நடங்கள். பாம்புக்கும் அதே அறிவுரை பொருந்தும் என்பதால் இரண்டு பிரச்சினை ஒரே செலவில் முடிகிறது. ஏரியில் தண்ணீரே இல்லையே என்றால், மார்கழி, தையில் போகாமல் சித்திரையில் போன குற்றம் ஏரியுடையதல்ல. வழியெல்லாம் சீமைக்கருவேல முள் என்றால், செருப்பைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றே ஒன்றை விளையாட்டாகச் சொல்லவில்லை: தண்ணீரில் இறங்காதீர்கள். சவுடு மண் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. இடுப்பளவு என்று நம்பி இறங்குகிற இடம் திடீரென்று ஆளை விழுங்கும்.

இவ்வளவு குறை இருந்தால் சீர்செய்து, கல் பதித்து, விளக்குப் போட்டு, சுற்றிலும் நடைபாதை அமைத்துவிடலாமே என்பதுதான் வலுவான ஆட்சேபம். நகரத்துக் குளங்களில் அதைச் செய்தும் இருக்கிறார்கள். கோவையில் உக்கடம் பெரியகுளத்தில் மாலையில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் அதை வீண் என்று சொல்ல மனம் வராது; வயல் போய்விட்ட இடத்தில் குளம் வேறென்ன செய்யும்? பாசனம் நடக்கிற கிராமத்து ஏரிக்கு அதைக் கொண்டுபோவதைத்தான் ஒப்ப மாட்டேன். சுற்றிவரப் பாதை போட வேண்டுமானால் இல்லாத எதிர்க்கரையை உண்டாக்க வேண்டும். உண்டாக்கினால் மழைத் தண்ணீர் உள்ளே வருகிற திறந்த பக்கம் குறுகும். பாதைக்கு வெளியே தள்ளப்பட்ட நிலத்துக்குச் சீக்கிரமே மனை எண்ணும் முளைக்கும். ஏரியைச் சுற்றி நடக்க வசதி செய்துவிட்டு, நடுவிலிருந்த ஏரியைச் சிறியதாக்கிவிடுவது ஒரு சாதனைதான். இன்னொன்று, கணக்கு. உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்கின்றன: முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். அந்த விதியை இன்றைய ஏரி அழகுபடுத்தும் ஒப்பந்தங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கல் பதிக்க ஆள் கிடைப்பார்களா என்பது சந்தேகம். கிடைத்தாலும் மைத்துனர் இல்லாதவராகத்தான் இருப்பார்.

எஞ்சியிருப்பது ஒரு சங்கடம், அது ஊராருடையது. காரியமில்லாமல் கரை மேல் நடக்கிற ஒருவரை எந்தக் கிராமமும் சும்மா விடாது. உடம்பு இளைக்க நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அதற்கு அவர்கள் ஊரில் களை எடுப்பு இருக்கிறது. காற்று வாங்க வந்தேன் என்றால் சந்தேகம் கூடும். மீன் குத்தகைக்காரர் உங்களைத் தூண்டில் திருடன் என்று நினைப்பார், ஏரிக்குள் நாலு ஏக்கர் உழுதிருப்பவர் சர்வேயர் என்று நினைப்பார், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் "எடம் பாக்க வந்தீங்களா சார்?" என்று நேராகவே கேட்டுவிடுவார். "தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லுங்கள். அது நியாயமான காரியம், யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் டீ ஆறுவதற்குள் பெஞ்சில் இடம் தந்து, வரத்து வாய்க்கால் தூர்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று தொடங்குவார்கள். எழுந்திருக்கும்போது உங்கள் கையில், முப்பது கையெழுத்தோடு, மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்ட ஒரு மனு இருக்கும்.