பயம் தூங்கப் போன காலம்

தொண்ணூறுகளில் நான் ப்ளஸ் டூ படித்தபோது, கோவில்பட்டியில் என்னைப் பயமுறுத்த இரண்டே பேர்தான் இருந்தார்கள். டியூஷன் சார் தினமும், "நீ எருமை மேய்க்கத்தான்டே போவே" என்பார். பெரியப்பா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார். அவர் வாயைத் திறந்ததும் கொல்லைப்புறமாக ஓடிவிடலாம். இருவரும் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்கள். அதற்குமேல் பயம் காட்ட ஊரில் ஆள் கிடையாது.

பரீட்சைக்கு முன் 'முக்கிய வினாக்கள்' புத்தகம் வரும். அதுவும் பய வியாபாரம்தான், ஆனால் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். ரிசல்ட் அன்று பஸ் ஸ்டாண்டில் மாலைப் பத்திரிகைக்கு அடிதடி. பாஸானவர்களின் பதிவெண் மட்டும்தான் இருக்கும். மார்க் தெரியும்வரை 1200க்கு ஆயிரத்து நூறு வாங்கியவனும் தட்டுத்தடுமாறிக் கரையேறியவனும் ஒரே டீக்கடையில் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சுகம் இனி யாருக்கும் வாய்க்காது.

இப்போது மகளின் முறை. ஒருநாள் சும்மா 'நீட் கட்-ஆஃப்' என்று தேடினேன். அன்றிலிருந்து என் போன் பெரியப்பா வேலையை எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை வீடியோவில் ஒருவர், 'கட்-ஆஃப் எகிறப்போகுது, பெற்றோரே உஷார்!' என்கிறார். புதன்கிழமை அவரே, 'கட்-ஆஃப் சரியப்போகுது, யாரும் சொல்லாத உண்மை!' என்கிறார். இரண்டு படத்திலும் பிளந்த வாய், சிவப்பு அம்புக்குறி. ஏறுமா இறங்குமா என்பதற்குப் பதில் அடுத்த வீடியோவில். இயற்பியல் பாடத்தைப் பொறுமையாக நடத்தும் வாத்தியார்களும் அதே போனில்தான் இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு வாயைப் பிளக்கத் தெரியவில்லை.

பயமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 180 கேள்வி, 720 மார்க். தப்பாக எழுதினால் ஒரு மார்க் கழிவு. 2024இல் முதலில் வந்த பட்டியலில் 67 பேர் 720க்கு 720. திருத்திய பட்டியலில் 17 பேர். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று 'மாநிலத்தில் முதலிடம்' அறிவிப்பைத் தமிழக அரசு நிறுத்தியது 2017இல். நீட் இங்கே நுழைந்ததும் அதே வருஷம். பேப்பரில் வந்துகொண்டிருந்த முதலிடப் புகைப்படங்கள் பயிற்சி மையங்களின் பேனருக்குக் குடிபோயின.

பயிற்சி மையங்கள் 'சீட் உத்தரவாதம்' என்றெல்லாம் விளம்பரம் செய்யக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். எனக்கு வருகிற வீடியோக்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இப்போது உத்தரவாதம் தருவதில்லை. 'உங்கள் பிள்ளைக்குச் சீட் கிடைக்குமா?' என்று மட்டும் கேட்கின்றன. கேள்விக்குறிக்கு எந்த நாட்டிலும் தடை கிடையாதே! நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்படியொன்றைப் பார்த்துவிட்டு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, கிடைச்சிருமா?"