லண்டனுக்குத் தோதான மாசம்

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் லண்டனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பார். அரண்மனைக்காக அல்ல, பென்னிகுவிக்குக்காக. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய மனிதர் லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஃபிரிம்லி தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். பக்கத்து ஊரான கேம்பர்லியில் 2022 செப்டம்பரில் தமிழக அரசு அவருக்குச் சிலையும் வைத்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் ஒரு தூரமா? கூடலூர்க்காரர் பத்திரிகை வைக்கத் தேனிக்கு வருகிற தூரம்தானே.

சிக்கல் எல்லாம் நாள் குறிப்பதில்தான்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்கப்பா" என்று அவள் கூப்பிட்டதும் அவர் யோசிக்காமல் சொன்ன தேதி, ஜனவரி 15. பென்னிகுவிக் 1841-இல் பிறந்த நாள். "பொறந்த நாளும் அதுவுமா செலைக்கு ஒரு மாலையப் போட்டுருவோம் தாயி." மகள் பதறினாள். அந்த மாதத்தில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும், சாயந்தரம் நாலேகாலுக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். அப்பாவுக்குக் குளிர்கூடப் பெரிதாகப் படவில்லை. "அப்ப தோட்ட வேலைக்கு வந்த ஆளு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவான்? கூலி முழுசாக் குடுக்கணுமா?" என்று கவலைப்பட்டார்.

அந்தத் தேதியை அடித்தது அவர் மனைவி. பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாவது! அன்றைக்குப் பாலார்பட்டியில் பென்னிகுவிக் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அரசு விழா. அவருக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொல்ல இத்தனை பேரும் இங்கிலாந்துக்குக் கிளம்பினால், இங்கே பொங்கல் பானைக்கு ஆள் வேண்டாமா?

டிசம்பர் அதைவிட மோசம். கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் பஸ்ஸும் கிடையாது, சுரங்க ரயிலும் கிடையாது. பந்த் நாளில்கூட எப்படியாவது ஷேர் ஆட்டோ பிடித்துவிடும் தேனிக்காரருக்கு இது பெரிய அவமானம். தவிர, கம்பத்தில் அது ஐயப்ப சீசன். கம்பம்மெட்டு வழியாகப் போகிற வண்டி, குமுளி வழியாக வருகிற வண்டி என்று சாலையையே ஒருவழியாக்கி வைத்திருப்பார்கள். விமானத்தைப் பிடிப்பதிருக்கட்டும், முதலில் கம்பத்தைத் தாண்ட வேண்டும்.

சரி, சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கிற மே, ஜூன்? பூ பூத்திருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் சித்திரை பிறந்தால் பௌர்ணமிக்குக் கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரு நாள்தான் மலையேற விடுகிறார்கள். கடைசியில் வீரபாண்டித் திருவிழா. தீச்சட்டி நேர்ந்துகொண்டவர் விரதத்தோடு விமானம் ஏற முடியுமா? அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜூன் 1. அணையில் தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில் முதல் போகத்துக்கு மதகைத் திறக்கும் நாள். 14,707 ஏக்கரிலும் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். லண்டன் அழகாகிற அதே வாரத்தில் கம்பத்துக்காரர் முழங்கால் சேற்றில் நிற்பார்.

இதற்கு முழுப் பொறுப்பும் பென்னிகுவிக்தான். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-இல் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு போகத்துக்கே வானத்தைப் பார்த்தவர்கள் இரண்டு போகம் பார்க்கத் தொடங்கினார்கள். நெல் விட்ட இடைவெளியைத் திராட்சை நிரப்பியது. மற்ற ஊர்க் கொடிகள் ஆண்டுக்கு ஒரு பருவம் காய்த்து ஓய்வெடுக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தப் பழக்கம் இல்லை. கவாத்து, மருந்து, அறுப்பு, மறுபடி கவாத்து. அவர் சமாதியைப் பார்க்கப் போகவிடாமல் தடுப்பது அவர் விட்ட தண்ணீரேதான்!

ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளிக்கூட விடுமுறை. டிக்கெட் விலையைக் கேட்டாலே வேர்க்கும். கேட்காவிட்டாலும் வேர்க்கலாம். 2022 ஜூலை 19 அன்று லண்டன் ஹீத்ரோவில் 40.2 டிகிரி அடித்தது. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது, மின்விசிறியைத் தேடி ஊரே கடை கடையாக அலைந்தது. அந்த வெயிலுக்கு மதுரை போதும், விசா கேட்க மாட்டார்கள். மழை பற்றிய பயமும் வீண்: லண்டனில் ஆண்டு முழுக்கப் பெய்வது 600 மில்லிமீட்டர் சுமார். சென்னையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கடைசியில் மிஞ்சியது புரட்டாசி. இந்த எழுத்தாளரின் ஓட்டும் அதற்கே. முகூர்த்தம் கிடையாது, ஆகவே மொய்க் கடன் கிடையாது. லண்டனில் பள்ளிகள் திறந்து கூட்டம் குறைந்திருக்கும். பக்கிங்ஹாம் அரண்மனையின் கோடைக்காலத் திறப்பு செப்டம்பர் கடைசி வரை இருக்கும். கறி சாப்பிடாத மாதம் என்று மனைவி தயங்கினார். ஈஸ்ட் ஹாமில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளும் மகாலட்சுமி கோயிலும் இருக்கின்றன, புரட்டாசிச் சனிக்கிழமைக்கே பங்கம் வராது என்று மகள் அந்தத் தடையைத் தள்ளினாள்.

விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்கலாம். அதாவது ஜூனில், நடவு நேரத்தில், போடியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். அதற்கும் அவர் ஒத்துக்கொண்டார். நாற்றுப் பறித்த விரலில் ரேகை தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் முடிவான பிறகு மகள் ஆசையாகக் கேட்டாள்: "இங்க வந்ததும் மொதல்ல என்னப்பா பாக்கணும்?"

"அதெல்லாம் நீ காட்டுறதப் பாக்குறேன் தாயி. அங்கிட்டு வர்ற பேப்பர்ல அணை நீர்மட்டம் எத்தனாம் பக்கத்துல போடுவான்?"